ஆல்கோ மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் உட்கார்ந்து பங்குச் சந்தைக்கு ஆல்கோ (தானாக வாங்கி விற்கும் நிரல்) எழுதித் தரும் நம்மைப் போன்றவர்களுக்கு யாரும் பிழைச் செய்தியை ஒழுங்காக அனுப்புவதில்லை. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவரோ, காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலைக்கு லோடு அனுப்புபவரோ போன் போட்டு, "தம்பி, என்னமோ ஆயிடுச்சு, பாருப்பா" என்பார். நமக்குக் கிடைக்கும் துப்பு அந்த "என்னமோ" மட்டும்தான். அதனால் போனில் என்ன சொல்வார்களோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன்.

உங்கள் நிரலுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது: எத்தனை லாட் (ஒரே கட்டாக வாங்கி விற்கும் எண்ணிக்கை) கையில் இருக்கிறது, எந்த ஆர்டர் நிற்கிறது என்று. புரோக்கரிடம் இன்னொரு கணக்கு இருக்கிறது. தகராறில் பெரும்பகுதி இந்த இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான். பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை எண்ணிக்கையில் சண்டை வந்தால் இரண்டு பேர் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அதேதான் இங்கும். ஒரு வித்தியாசம்: இங்கே புரோக்கர் சீட்டு சொல்வதுதான் செல்லும். உங்கள் நிரல் என்ன நினைத்துக்கொண்டிருந்தாலும் பணம் போவது அந்தச் சீட்டுப்படிதான்.

எதைத் தேடும் முன்னும்

பொசிஷன் திறந்திருக்கும்போது, அதாவது வாங்கியதோ விற்றதோ இன்னும் முடிக்கப்படாமல் இருக்கும்போது, பிழை தேட உட்காராதீர்கள். முதலில் ஆல்கோவை நிறுத்துங்கள், அப்புறம் நிற்கும் ஆர்டர்களை ரத்து செய்யுங்கள், கடைசியாகப் புரோக்கர் ஆப்பில் கையாலேயே பொசிஷனை முடியுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. ஆல்கோ ஓடிக்கொண்டிருக்கும்போதே கையால் விற்றால், "அடடா, கையில் ஒன்றும் இல்லையே" என்று அது திரும்ப வாங்கும். நீங்கள் விற்க அது வாங்க, பத்து நிமிடம் இப்படியே போகும்.

நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸ் சர்வரில் சிஸ்டம்டி (சேவைகளை ஓட்டும் மென்பொருள்) மூலம் ஓட்டி, விழுந்தால் தானே எழுந்திருக்கும்படி அமைத்திருப்பீர்கள். அப்போது கில் கட்டளை கொடுத்தால் சில நொடிகளில் புது ஆளாக எழுந்து வரும். சேவையைத்தான் நிறுத்த வேண்டும். நிரலை நிறுத்தியதால் பங்குச்சந்தையில் ஏற்கெனவே நிற்கும் ஆர்டர் போய்விடாது என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லி வையுங்கள். அது அங்கேயே நிற்கும், விலை வந்தால் நிறைவேறும்.

"காலையிலிருந்து ஒண்ணுமே பண்ணலை"

இந்த வகை போன் வந்தால் பதறத் தேவையில்லை, பெரும்பாலும் பணம் போயிருக்காது. லாகில் (நிரல் தான் செய்வதை எழுதிவைக்கும் பதிவேடு) முதல் சில வரிகளைப் பாருங்கள்.

உள்நுழைவிலேயே நின்றிருந்தால் டோக்கன் பிரச்சினை. நிரல் உள்ளே வருவதற்கான அனுமதிச் சீட்டுதான் அணுகல் டோக்கன்; புரோக்கர்கள் அதைத் தினமும் காலாவதியாக்கிவிடுவார்கள், காலையில் புதிதாக வாங்க வேண்டும். டோக்கன் வாங்கும் படியிலேயே, ரகசியச் சாவியையும் நேரத்தையும் வைத்துக் கணக்கிடும் ஆறு இலக்க எண் தவறு என்று வந்தால் ரகசியச் சாவியைச் சந்தேகிக்கும் முன் சர்வர் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறுவது. கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்கினால் உங்கள் சர்வர் பழைய எண்ணைத்தான் கணக்கிட்டுக் கொடுக்கும். கிரோனி என்ற மென்பொருளைப் போட்டு நேரத்தை ஒத்திசைத்தால் முடிந்தது.

உள்நுழைந்திருக்கிறது, ஆனால் அசையவில்லை. அப்புறம் மதியம் 2:45-க்குத் திடீரென்று விழித்துக்கொண்டு ஆர்டர் போட ஆரம்பித்தது. இந்த 2:45 என்ற எண்ணைக் கேட்டதுமே உங்களுக்குப் பொறி தட்ட வேண்டும். சர்வர் யுடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) நேரத்தில் ஓடுகிறது. நிரலில் சந்தை திறக்கும் நேரத்தை 9:15 என்று எழுதியிருக்கிறீர்கள். யுடிசி 9:15 என்பது நம் நேரப்படி மதியம் 2:45. வீட்டு லேப்டாப்பில் எத்தனை முறை ஓட்டினாலும் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதன் கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கிறது. சர்வரின் நேரத்தை மாற்றி வைப்பது ஒட்டுப் போடும் வேலை. நிரலுக்குள் ஒவ்வொரு நேரத்தோடும் ஆசியா/கொல்கத்தா என்ற நேர மண்டலத்தையும் சேர்த்து எழுதுவதே சரி.

விடுமுறைப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். சனி, ஞாயிறு லீவு என்று மட்டும் எழுதி வைத்தால் போதாது. 2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை, பட்ஜெட்டுக்காகச் சந்தை முழு நாள் நடந்தது. தீபாவளி முகூர்த்த வர்த்தகம் வழக்கமாக மாலையில் ஒரு மணி நேரம் நடக்கும். 2025-இல் அதை மதியம் 1:45-க்கு வைத்தார்கள். மாலை 3:30-க்குக் கடை மூடிவிடும் என்பதும் கல்லில் எழுதியதல்ல. 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இ (தேசியப் பங்குச்சந்தை) கோளாறால் காலை 11:40-க்கு வர்த்தகம் நின்றது; பிறகு 3:45-க்குத் திறந்து 5 மணி வரை நடத்தினார்கள். நேரங்களை ஒரு கோப்பில் வைத்து, அவசரத்துக்குக் கையால் மாற்றும்படி விடுங்கள்.

"விலையெல்லாம் ஓடுது, ஆர்டர் மட்டும் போகலை"

நம் ஊர்களில் இதற்கு முதல் காரணம் கரன்ட். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியத்துக்கு மேல்தான் வரும், சரியாகச் சந்தை நேரம். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, பிராட்பேண்ட் பெட்டி செத்துவிட்டது. உடனே போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆல்கோவைத் தொடர்வார்கள். விலை வரும், கேண்டில் (ஒரு கால அளவின் தொடக்க, உச்ச, தாழ்வு, முடிவு விலைகள்) உருவாகும், வாங்கு அல்லது வில் என்ற சிக்னலும் வரும். ஆர்டர் மட்டும் நிராகரிக்கப்படும்.

காரணம் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் அடையாள எண். 2025 பிப்ரவரி 4 அன்று சில்லறை முதலீட்டாளர்களின் ஆல்கோ பற்றி, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வெளியிட்ட சுற்றறிக்கைக்குப் பிறகு, ஏபிஐ (நிரல் புரோக்கரோடு பேசும் வாசல்) வழி ஆர்டர்கள் புரோக்கரிடம் முன்பே பதிந்த நிலையான ஐபி-யிலிருந்து வர வேண்டும் என்றாகிவிட்டது. ஹாட்ஸ்பாட் போட்டதும் உங்கள் முகவரி வேறு. வீட்டு பிராட்பேண்டிலும் தனியாகக் கேட்டு வாங்காவிட்டால் நிலையான ஐபி இருக்காது. பல வீடுகளுக்குப் பொதுவான ஒரே முகவரி வழியாக வெளியே போய்க்கொண்டிருப்பீர்கள், அதுவும் ரவுட்டரை அணைத்துப் போட்டால் மாறலாம்.

இதில் பயப்பட வேண்டியது வாங்கும் ஆர்டர் போகாததற்கு அல்ல. காலையில் 9:30-க்கு வாங்கியாயிற்று, 10 மணிக்குக் கரன்ட் போனது, ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினீர்கள். இப்போது விற்கும் ஆர்டரும் போகாது. ஆல்கோ சிக்னல் கொடுத்துக்கொண்டே இருக்கும், பொசிஷன் அப்படியே தொங்கும். அந்த நேரத்தில் போனில் புரோக்கர் ஆப்பைத் திறந்து கையால் விற்பதுதான் வழி, ஆப்புக்கு இந்த ஐபி கட்டுப்பாடு இல்லை. வாடிக்கையாளருக்கு முதல் நாளே இதைச் செய்து காட்டிவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு, ஆல்கோவை வீட்டில் ஓட்டாமல் மும்பையில் உள்ள ஒரு வாடகை சர்வரில் நிலையான ஐபி-யோடு ஓட்டுவது. கோடை இடியில் பிராட்பேண்ட் பெட்டி புகைந்தாலும் கவலையில்லை. அங்கேயும் ஆர்டர் நிராகரிக்கப்பட்டால், பதிந்தது ஐபிவி4 என்ற பழைய வகை முகவரி, சர்வர் வெளியே போவது ஐபிவி6 என்ற புது வகை என்றிருக்கும். சர்வரிலிருந்தே உங்கள் வெளி முகவரி என்னவென்று கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"ஒரு லாட் தானே சொன்னேன், ரெண்டு வாங்கி வெச்சிருக்கு"

இதில் நிதானமாக இறங்க வேண்டும். புரோக்கரின் ஆர்டர் புக்கையும் (அன்று போட்ட ஆர்டர்களின் பட்டியல்) உங்கள் லாகையும் மில்லிநொடியோடு பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் லாக் இப்படி இருக்கும்:

09:20:01.112 வாங்கும் ஆர்டர் அனுப்பப்பட்டது
09:20:08.115 பதில் இல்லை, நேரம் முடிந்தது
09:20:08.320 மறுமுயற்சி, ஆர்டர் அனுப்பப்பட்டது
09:20:08.410 ஆர்டர் எண் கிடைத்தது

ஆர்டர் புக்கில் பார்த்தால் 09:20:01-க்கு ஒன்று, 09:20:08-க்கு ஒன்று, இரண்டும் நிறைவேறியிருக்கும். முதல் ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. திரும்பி வர வேண்டிய பதில்தான் வழியில் தொலைந்தது. பதில் வராததை "ஆர்டர் போகவில்லை" என்று நிரல் எடுத்துக்கொண்டது. இரண்டாவது முறை வாங்கியதை மட்டும் அது நினைவில் வைத்திருக்கும், மாலையில் ஒரு லாட்டைத்தான் விற்கும். மீதி ஒரு லாட் அனாதையாகக் கிடக்கும்.

"நான் மறுமுயற்சியே எழுதவில்லையே" என்பவர்கள் தாங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி நூலகத்தின் (இணையத்தில் கேட்டுப் பதில் வாங்கும் ஆயத்த நிரல்) அமைப்பைப் பாருங்கள். விலை கேட்கும் அழைப்புக்காக யாரோ போட்ட தானியங்கி மறுமுயற்சி, ஆர்டர் போடும் அழைப்புக்கும் சேர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும். விலையை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆர்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, என்ன செய்வது? ஆர்டர் அனுப்பும் முன்பே நீங்களே ஓர் அடையாளச் சொல்லை உருவாக்கி, ஆர்டரோடு சேர்த்து அனுப்புங்கள்; டேக் என்ற பெயரில் புரோக்கர் ஏபிஐ-களில் அதற்கு இடம் இருக்கும். அனுப்பும் முன் அதை வட்டில் எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பாதீர்கள். ஆர்டர் புக்கை வாங்கி அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஆர்டர் போய்விட்டது, அதன் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டொரு நொடி பொறுத்து இன்னொரு முறை தேடுங்கள், அப்போதும் இல்லை என்றால் மட்டும் மறுபடி அனுப்பலாம். ஆர்டர் புக்கே கிடைக்கவில்லை என்றால்? எதுவும் செய்யாமல் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புங்கள். ஒரு வாய்ப்பு தவறிப்போவது ஒன்றும் பெரிய நஷ்டமில்லை.

நேரங்கள் ஏழு நொடி இடைவெளியில் இல்லாமல், இரண்டு ஆர்டரும் ஒரே நொடியில் வந்திருந்தால் கதை வேறு. இரண்டு நிரல்கள் ஓடுகின்றன. நேற்று இரவு புதுப் பதிப்பைப் போட்டீர்கள், பழையது ஒரு டிமக்ஸ் (சர்வரில் நிரலைப் பின்னணியில் ஓடவிடும் மென்பொருள்) சாளரத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தொடங்கும்போதே ஒரு பூட்டுக் கோப்பைப் பிடித்துக்கொள்ளச் செய்தால் இரண்டாவது எழவே எழாது. இது சின்ன ஆட்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புது நிரல் போய்ச் சேர்ந்தது, ஒன்றில் பழையது தங்கிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 44 கோடி டாலர் போனது.

மூன்றாவது வகை கொஞ்சம் நுட்பமானது. ஆர்டர் நிறைவேறிய செய்தி வெப்சாக்கெட் (எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு) வழியாக வருகிறது, ஆர்டர் எண் எச்டிடிபி பதிலில் வருகிறது. சில சமயம் செய்தி முந்திக்கொள்ளும். "இந்த எண் எனக்குத் தெரியாதே" என்று நிரல் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பின்னால் ஆர்டர் எண் வந்ததும் நிறைவேறிய செய்திக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். சிலர் முப்பது நொடி காத்து, ரத்து என்று நினைத்து மறுபடி வாங்குவார்கள். தெரியாத எண்ணோடு வரும் செய்தியை எறியாமல் ஓரமாக வைத்திருந்து, எண் வந்ததும் பொருத்துங்கள். பாதி மட்டும் நிறைவேறும் ஆர்டரும் இந்த இடத்தில்தான் கணக்கைக் கெடுக்கும். "முடிந்தது" என்ற சொல்லை நம்பாமல், எத்தனை எண்ணிக்கை நிறைவேறியது என்பதைப் படியுங்கள்.

இத்தனைக்கும் மேல் ஒரு காவல்: சில நொடிகளுக்கு ஒருமுறை புரோக்கரின் பொசிஷனை வாங்கி உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் புது ஆர்டரை நிறுத்திவிட்டு மணி அடிக்கட்டும். ஆல்கோ தானாகச் சரி செய்ய முயல வேண்டாம் என்பது என் கட்சி. கணக்குக் குழம்பிய நிரல் போடும் "திருத்தும்" ஆர்டரைப் போல ஆபத்து வேறில்லை.

"ஸ்டாப் லாஸ் போட்டும் வெளிய வரலை"

ஆர்டர் புக்கில் ஸ்டாப் லாஸ் (விலை ஓர் அளவுக்கு இறங்கினால் விற்று நஷ்டத்தை நிறுத்தும்) ஆர்டர் இருக்கிறதா? இருக்கிறது, "திறந்த நிலை" என்று காட்டுகிறது என்றால் ட்ரிக்கர் (ஆர்டரை எழுப்பும் விலை) ஆகி லிமிட்டில் (இதற்குக் கீழே விற்காதே என்ற விலை) மாட்டிக்கொண்டது. ஆப்ஷன்களில் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள்), கிடைத்த விலைக்கு விற்கும் மார்க்கெட் விலை ஸ்டாப் லாஸை என்எஸ்இ 2021 செப்டம்பர் 27 முதல் நிறுத்திவிட்டது. அதனால் ட்ரிக்கர் 100, லிமிட் 99 என்று போடுவோம். விலை 101-லிருந்து ஒரே தாவலில் 94-க்கு வந்தால், 99-க்கு விற்க ஓர் ஆர்டர் மேலே தொங்கும், வாங்க ஆளில்லை. ட்ரிக்கர் ஆகி இரண்டு நொடியில் நிறைவேறாவிட்டால் லிமிட்டைக் கீழே இறக்கும் ஒரு பகுதியை எழுதியே ஆக வேண்டும். இடைவெளியை அகலமாக வைப்பதும் வழிதான்.

ஆர்டரே போகவில்லை, நிரலே விலையைப் பார்த்து விற்கும் வகை என்றால், டிக் (புரோக்கர் அனுப்பும் ஒவ்வொரு விலைச் செய்தி) நின்றுபோயிருக்கும். வெப்சாக்கெட் "இணைந்திருக்கிறது" என்று சொல்லும், பிழை எதுவும் இருக்காது, ஒரு விலைகூட வராது. நடுவில் இணைப்பு செத்தது இரு முனைக்கும் தெரியாமல் இப்படி நடக்கும். கடைசி டிக்கின் பங்குச்சந்தை நேரத்தை இப்போதைய நேரத்தோடு ஒப்பிடுவதுதான் சோதனை. ஆனால் சந்தை விலையிலிருந்து தள்ளியிருக்கும் ஓரத்து ஸ்ட்ரைக் (ஒப்பந்தத்தில் குறித்த விலை) ஆப்ஷனில் உண்மையிலேயே வர்த்தகம் நடக்காமல் விலை நிற்கும். அதனால் நிஃப்டி குறியீட்டையும் சந்தா எடுத்து (அதன் விலையையும் அனுப்பச் சொல்லிக் கேட்டு) அதன் துடிப்பைப் பாருங்கள். சந்தை நேரத்தில் அது ஐந்து நொடி அசையாவிட்டால் இணைப்பைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். மறுபடி இணைந்ததும் சந்தாவையும் மறுபடி அனுப்ப வேண்டும், இதை மறந்தவர்கள் ஏராளம்.

காலை முதல் கால் மணி நேரம் விலை பிந்தி வருகிறது, 10 மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது என்றால் நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள். டிக் வாங்கும் இடத்திலேயே இண்டிகேட்டர் கணக்கு, தரவுத்தளத்தில் எழுதுவது, டெலிகிராம் செய்தி எல்லாம் செய்திருப்பீர்கள். டிக்கை வாங்கி வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டும், மற்ற வேலையை வேறு திரியில் (இணையாக ஓடும் நிரல் பகுதி) வையுங்கள்.

"சார்ட்ல ஒரு கேண்டில், உன்னுதுல ஒரு கேண்டில்"

5 நிமிடமும் 15 நிமிடமும் பொருந்துகின்றன, அரை மணியும் ஒரு மணியும் பொருந்தவில்லையா? பாண்டாஸ் (தரவைக் கையாளும் பைத்தான் நூலகம்) 9:00, 9:30, 10:00 என்று வெட்டுகிறது. நம் சந்தை 9:15-க்குத் திறப்பதால் சார்ட்டில் ஒரு மணி கேண்டில் 9:15 முதல் 10:15 வரை. வெட்டும் தொடக்கத்தை 15 நிமிடம் தள்ளிக் கொடுங்கள். எல்லாக் கால அளவிலும் உச்சமும் தாழ்வும் மட்டும் சில காசு மாறினால் அது பிழையே அல்ல. புரோக்கர் அனுப்பும் டிக் நடந்த ஒவ்வொரு வர்த்தகமும் இல்லை, அவ்வப்போது எடுத்த படம். நடுவில் தொட்டுவிட்டுப் போன உச்சம் உங்களுக்கு வந்தே சேராது.

"எல்லா ஆர்டரும் ரிஜெக்ட்"

நிராகரிப்புச் செய்தியை முழுதாகப் படித்தால் பாதி வேலை முடிந்தது. விலை பிழை என்றால் டிக் அளவு (விலை நகரும் மிகச் சிறிய படி): 5 காசு மடங்கு என்று எழுதிவைத்த நிரல்கள் 2025 ஏப்ரல் 15-க்குப் பிறகு விலை கூடிய பங்குகளில் அடி வாங்கின, ஏனென்றால் அன்று முதல் பங்கின் விலைக்கேற்ப டிக் அளவு மாறுகிறது. எண்ணிக்கை பிழை என்றால் லாட் அளவு: நிஃப்டி லாட் 2024 நவம்பரில் 25-லிருந்து 75 ஆனது, அதற்குப் பிறகும் மாறியிருக்கிறது. அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை என்றால் காலாவதி நாள்: 2025 செப்டம்பர் முதல் நிஃப்டி வார ஒப்பந்தம் வியாழனிலிருந்து செவ்வாய்க்குப் போய்விட்டது, செவ்வாய் விடுமுறையென்றால் முந்தைய வர்த்தக நாள்.

இதில் ஒன்றைக்கூட நிரலுக்குள் எண்ணாக எழுதாதீர்கள். புரோக்கர் தினமும் காலையில் தரும் ஒப்பந்தப் பட்டியல் கோப்பில் எல்லாம் இருக்கிறது. நேற்றைய கோப்பையும் பயன்படுத்தாதீர்கள்; காலாவதியான ஒப்பந்தத்தின் டோக்கன் எண்ணை (ஒப்பந்தத்தின் அடையாள எண், உள்நுழைவு டோக்கன் அல்ல) புது ஒப்பந்தத்துக்குக் கொடுப்பது உண்டு.

"பேக்டெஸ்ட்ல லாபம், நிஜத்துல நஷ்டம்"

பேக்டெஸ்ட்டில், அதாவது பழைய விலைகளில் உத்தியை ஓட்டிப் பார்க்கும் சோதனையில், கேண்டில் முடியும் விலையைப் பார்த்து முடிவெடுத்து, அதே முடிவு விலைக்கே வாங்கியதாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்த கேண்டிலின் தொடக்க விலைக்கு மாற்றினாலே பாதி லாபம் கரைந்துவிடும். நிஜத்தில் இதன் மறுபக்கம் நடக்கும்: தரவின் கடைசி வரி இன்னும் முடியாத கேண்டில், அதை முடிந்ததாக எண்ணி சிக்னல் கொடுப்பது. "வாங்கிட்டு உடனே வித்துடுது" என்று வாடிக்கையாளர் சொன்னால் இதுதான்.

அப்புறம் செலவு. பிரீமியம் (ஆப்ஷனின் விலை) 100 ரூபாய், 75 எண்ணிக்கை என்று வையுங்கள். ஆப்ஷன் விற்பனைக்கான எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 2024 அக்டோபர் 1 அன்று 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 ஆனது, அந்த விகிதத்தில் 7,500 ரூபாய்க்கு 7.50. ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு என்றால் இரண்டுக்கு 40. நினைத்த விலையிலிருந்து வாங்கும்போது 50 காசு, விற்கும்போது 50 காசு நழுவினால் 75 எண்ணிக்கைக்கு 75 ரூபாய். ஆக ஒரு சுற்றுக்கு 122.50, ஜிஎஸ்டியும் மற்ற கட்டணங்களும் தனி. இதில் பெரியது நழுவும் அந்த ஒரு ரூபாய்தான், பேக்டெஸ்ட்டில் எல்லோரும் விடுவதும் அதைத்தான். விகிதங்கள் அடிக்கடி மாறுவதால் அவற்றைத் தேதியோடு ஒரு அட்டவணையில் வையுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நஷ்டம் என்றால் நிரலில் பிழை இல்லை, உத்தியில்தான். செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். "அண்ணா, நிரல் நீங்க சொன்னதைத்தான் செய்யுது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இல்லாத பிழையைத் தேடி மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதற்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

எதிலும் அடங்காதது

மதியத்துக்கு மேல் மந்தமாகிறது என்றால் நினைவகத்தையும் வட்டையும் பாருங்கள். ஒவ்வொரு டிக்கையும் லாகில் எழுதினால் வட்டு நிறையும், நிறைந்ததும் நிரல் அர்த்தமில்லாத இடத்தில் விழும். அதுவும் இல்லையென்றால் இன்னொருவர் பார்ப்பதற்குத் தேவையானதைச் சேகரியுங்கள்: மில்லிநொடியோடு அன்றைய லாக், ஓடிய நிரலின் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) பதிப்பு எண், ஒப்பந்தப் பட்டியல் கோப்பு, நிராகரிக்கப்பட்டவையும் ரத்தானவையும் சேர்ந்த முழு ஆர்டர் புக். கடைசியில் சொன்னதை அன்று மாலையே இறக்கி வையுங்கள், ஏபிஐ-யில் அது அந்த ஒரு நாளுக்குத்தான் இருக்கும்.